கடல் நீலப்பச்சைப் பாசியில் மருந்து தேடுவது எப்படி: சென்னையில் தொடங்குபவர்களுக்கு

கோவளத்துப் பாறைகளிலும் முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் ஓரங்களிலும் காலை வழுக்கிவிடும் கரும்பச்சைப் படலத்தைப் பாசி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் தலைமுடி போல மெல்லிய இழைகளாக இருப்பவற்றில் பல, பாசியே அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. பாடப்புத்தகத்தில் நீலப்பச்சைப் பாசி, ஆய்வகத்தில் சயனோபாக்டீரியா. மீன் மேய வந்தால் ஓட முடியாத இந்த உயிரிகள் வேதிப்பொருளால் தற்காத்துக்கொள்கின்றன. அந்த வேதிப்பொருட்கள்தான் நமக்கு வேண்டியவை.

இது வீண் நம்பிக்கை இல்லை என்பதற்கு டோலாஸ்டாட்டின் 10 என்ற மூலக்கூறின் கதை போதும். இந்தியப் பெருங்கடலில் வாழும் கடல் முயல் என்ற நத்தை இனத்திலிருந்து எடுத்து, 1987-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். டன் கணக்கில் நத்தையைச் சேர்த்தும் மில்லிகிராம் கணக்கில்தான் பொருள் கிடைத்தது. 2001-ல் அதே மூலக்கூறு சிம்ப்லோகா என்ற சயனோபாக்டீரியாவில் நேரடியாகக் கிடைத்தபோது, நத்தை அதைத் தன் சாப்பாட்டிலிருந்து பெற்றது என்பது உறுதியானது. அதன் மாற்று வடிவமான எம்எம்ஏஇ என்ற செயற்கை மூலக்கூறை எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) கோத்துச் செய்த பிரெண்டக்ஸிமாப் வெடோட்டின் என்ற மருந்து, 2011-ல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புதிதாக வருபவர்களின் உழைப்பு வீணாவதற்கான காரணம் பெரும்பாலும் சேகரித்த அன்றே உருவாகிவிடுகிறது. எந்த உயிரி, எங்கே, எப்போது என்ற பதிவு இருக்காது. உயிருள்ள பங்கு கையில் இருக்காது. ஆறு மாதம் கழித்து, புற்றுச் செல்லை நன்றாகக் கொல்லும் சாறு ஒன்று கிடைக்கும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அதே பாறைக்குப் போனால் அங்கே வேறு ஏதோ வளர்ந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் சேகரிப்புக்கும் வளர்ப்புக்கும் அதிக இடம் தந்திருக்கிறோம்.

அனுமதி

உயிரியல் பன்மயச் சட்டம் (2002) 2023-ல் திருத்தப்பட்டது. சீனியர் கொடுத்த பழைய படிவத்தை நம்பாமல் இன்றைய விதியைப் பாருங்கள். தேசியப் பன்மய ஆணையத்தின் அலுவலகம் தரமணியிலேயே இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டு, மாதிரியையோ சாற்றையோ வெளிநாட்டுக்கு அனுப்புவது, காப்புரிமை: இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் ஆணையத்தை முதலிலேயே அணுக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அங்கே ஒரு இழையைக்கூட எடுக்கக் கூடாது.

இடமும் நேரமும்

சென்னையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டரை ஒட்டியதுதான். பாறை நன்றாக வெளியே தெரிவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சில மணி நேரம் மட்டுமே. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் ஓத அட்டவணையை இலவசமாக வெளியிடுகிறது. கடல் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள். அந்தப் பகுதி மீனவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. எந்தப் பாறையில் இழுப்பு அதிகம் என்பது அவருக்குத் தெரியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர் வந்து கழிமுகங்களின் உப்பு குறைந்துவிடும், புயல் அலை படலத்தை உரித்துவிடும். ஜனவரிக் கடைசியிலிருந்து மழைக்கு முன்பு வரை தேடலாம். கோவளத்துப் பாறைகள், அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், முட்டுக்காடு, கேளம்பாக்கத்து உப்பளப் பகுதி, பழவேற்காடு ஏரி எல்லாம் பார்க்க வேண்டியவை. கூவம், அடையாறு முகத்துவாரங்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அங்கே படலம் அடர்த்தியாக இருக்கும், ஆனால் சோப்பு, மருந்துக் கழிவு, எண்ணெய் எல்லாம் சாற்றோடு சேர்ந்து வரும். எண்ணூர்ப் பகுதியில் 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய்க் கசிவு நடந்திருக்கிறது. அங்கே எடுத்த மாதிரியில் ஹைட்ரோகார்பன் தெரிந்தால் அதை உயிரி செய்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

பளிச்சென்ற இலைப்பச்சை நிறத்தில் முரட்டு இழையாக இருந்தால் அது பெரும்பாலும் பச்சைப்பாசி. நமக்கு வேண்டியது கரும்பச்சை, செம்பழுப்பு, சில சமயம் கறுப்பு நிறத்தில் மென்மையான குஞ்சம் போலவோ, கம்பளிப் படலம் போலவோ இருக்கும். ஒரு இழையைக் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் நூறு மடங்கில் பாருங்கள். நாணயங்களை அடுக்கி மேலே உறை போட்டது போலக் கிளையில்லாமல் இருந்தால் சரியான பொருளைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

வெறுங்கையால் தொடக் கூடாது. இந்த இனங்களில் சில செய்யும் லிங்பியாடாக்ஸின் ஏ, டீப்ரோமோஅப்லிசியாடாக்ஸின் இரண்டும் தோலைக் கொப்புளிக்க வைப்பவை. ஹவாயில் கடலில் குளித்தவர்களுக்கு இதனால் தோல் வெந்திருக்கிறது. கையுறை, மூடிய காலணி, முழுக்கை சட்டை கட்டாயம். சிப்பி கீறிய காயத்தோடு கழிமுகத்து நீரில் இறங்காதீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு மாதிரி, நான்கு பங்கு

ஒரே நிறம், ஒரே அமைப்புள்ள திட்டிலிருந்து மட்டும் எடுங்கள். பக்கத்துப் பாறையில் இருப்பது ஒன்று போலத் தெரிந்தாலும் அது வேறு மாதிரி, வேறு எண். முதல் முறைக்கு, நீர் பிழிந்தபின் 50 முதல் 100 கிராம் போதும். திட்டில் பாதியையாவது விட்டுவிட்டு வாருங்கள். சிறு நண்டு, புழு, மணல் எல்லாவற்றையும் அங்கேயே கடல்நீரில் அலசி எடுங்கள். நாளை கிடைக்கும் மூலக்கூறு அந்தப் புழுவினுடையதாக இருந்தால் எல்லாம் வீண்.

முதல் பங்கு, பெரியது, சாறு எடுக்க. கடல்நீரும் எத்தனாலும் சம அளவு கலந்த கரைசலில் மூழ்கும்படி கண்ணாடிப் புட்டியில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆய்வகத்தில் மைனஸ் 20 டிகிரி. கரைசல் இல்லாமல் வெறும் பையில் கட்டிச் சித்திரை வெயிலில் ஈசிஆர் வழியே கொண்டுவந்தால் சில மணி நேரத்தில் செல்கள் உடைந்து, நீர் நீலமாகக் கசியும். அது ஃபைகோசயனின் என்ற நிறமி. நீலம் தெரிந்தால் மாதிரி அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இரண்டாம் பங்கு உயிரோடு வளர்க்க, ஒரு நெல்லிக்காய் அளவு. இதை ஐஸில் வைக்கவே கூடாது. வெப்பக் கடலில் வாழ்பவை ஐஸ் குளிரில் செத்துவிடும். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். அகலமான புட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் அதே இடத்துக் கடல்நீர் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, நிழலில் கொண்டுவாருங்கள். புட்டியைப் பொருளால் நிரப்பினால் இரவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நாறிவிடும்.

மூன்றாம் பங்கு, அரைக் கிராம், டிஎன்ஏவுக்கு. ஆர்என்ஏலேட்டர் திரவத்திலோ தூய எத்தனாலிலோ போடலாம். நான்காவது, நுண்ணோக்கிக்கும் ஆவணத்துக்கும் 4 சதவீத ஃபார்மலினில்.

நான்கு புட்டிக்கும் ஒரே எண்: இடம், தேதி, வரிசை. மார்க்கர் மை எத்தனால் பட்டதும் அழிந்துவிடும். பென்சிலால் டிரேசிங் தாளில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். கைபேசியில் இடக்குறிப்பு, அளவுகோலோடு படம், நீரின் வெப்பம், உப்பளவு, ஆழம் எல்லாம் அதே நேரத்தில் நோட்டில் ஏறட்டும். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எண்கள் கலந்துவிடும்.

உயிரோடு வளர்ப்பது

அன்றே தொடங்குங்கள். வடிகட்டிக் கிருமிநீக்கிய கடல்நீரில் இழைகளை ஐந்தாறு முறை அலசி, மெல்லிய இடுக்கியால் பிரியுங்கள். வளர்ப்பு ஊடகத்துக்கு ஏஎஸ்என்-3 நல்ல தொடக்கம். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 25 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் 3.5, மெக்னீசியம் குளோரைடு 2, சோடியம் நைட்ரேட் 0.75, பொட்டாசியம் குளோரைடு 0.5, கால்சியம் குளோரைடு 0.5, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்ஃபேட் 0.02, சோடியம் கார்பனேட் 0.02 கிராம். சிட்ரிக் அமிலமும் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் தலா 3 மி.கி., ஈடிடிஏ அரை மி.கி., நுண்உலோகக் கரைசல் 1 மி.லி. இதோடு வைட்டமின் பி12 லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்தால் பல கடல் இனங்கள் நன்றாக வளரும். பாஸ்ஃபேட்டைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமிநீக்கி), இரண்டும் ஆறியபின் சேருங்கள். ஒன்றாகச் சூடேற்றினால் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். இழைகளுக்குப் பாஸ்பரஸ் கிடைக்காமல் மஞ்சளாகிவிடும்.

வெப்பம் 25 முதல் 28 டிகிரி. வெளிச்சம் 1,000 முதல் 1,500 லக்ஸ், 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருட்டு. வெயில் பாறையில் வளர்ந்ததுதானே என்று பலமான விளக்கில் வைப்பவர்கள் உண்டு. கடற்கரையில் ஒரு இழைக்கு மேலே நூறு இழைகள் நிழல் தருகின்றன, கண்ணாடிக் குடுவையில் அது இல்லை. இரண்டு நாளில் வெளுத்துவிடும். மே மாதத்தில் மின்சாரம் போய் ஏசி நின்றால் அறை 35 டிகிரியைத் தாண்டும். அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பிரதியை வேறு அறையில், முடிந்தால் வேறு கட்டடத்தில் வையுங்கள்.

கூடவே வரும் டயாட்டம் என்ற நுண்பாசிகளைப் பிரிக்க எளிய வழி, இழையின் நகரும் குணத்தைப் பயன்படுத்துவது. 1 சதவீத அகர் ஊற்றிய பெட்ரி தட்டின் நடுவே சில இழைகளை வைத்து, தட்டைக் கறுப்புத் தாளால் சுற்றி ஒரு பக்கம் மட்டும் மெல்லிய கீறல் விடுங்கள். வெளிச்சத்தை நோக்கி இழைகள் ஊர்ந்து வரும். முன்னணியில் தனியாக நிற்கும் இழையை அகர் துண்டோடு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். இதையே நாலைந்து முறை செய்ய வேண்டும். டயாட்டம் விடாப்பிடியாக இருந்தால் லிட்டருக்கு 5 மி.கி. ஜெர்மேனியம் டைஆக்சைடு, பச்சைப்பாசிக்கும் பூஞ்சைக்கும் சைக்ளோஹெக்ஸிமைடு. பாக்டீரியாவை ஒழிக்கிறேன் என்று பெனிசிலின் போட்டால் சயனோபாக்டீரியாவே செத்துவிடும், அதுவும் பாக்டீரியாதான்.

உறையில் ஒட்டியிருக்கும் மற்ற பாக்டீரியாவை முழுதாக நீக்குவது பெரும்பாலும் முடியாது. அது தடையில்லை. ஒரே ஒரு சயனோபாக்டீரியா இனம் இருந்தால் போதும். அந்த நிலைக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இந்த இடைவெளியில் எத்தனாலில் இருக்கும் முதல் பங்கை எடுத்து வேதி வேலையைத் தொடங்கிவிடலாம்.

பெயர் வைப்பது

இழையின் அகலம், செல்லின் நீளம், உறையின் தடிமன், நுனியின் வடிவம் இவற்றை 20 இழைகளிலாவது அளந்து எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மரபில் வந்த தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய சயனோஃபைட்டா நூல் இன்றும் மேசையில் இருக்க வேண்டியது. ஆனால் வடிவம் மட்டும் போதாது. பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசையும் வேண்டும். சயனோபாக்டீரியாவுக்கென்று உள்ள சிஒய்ஏ359 முன்னோக்கு, சிஒய்ஏ781 பின்னோக்கு பிரைமர்களோடு தொடங்கலாம். உறையின் சர்க்கரைப்பசை டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும். ஜெல்லில் பட்டை எதுவும் தெரியாவிட்டால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

பழைய கட்டுரைகளில் லிங்பியா மஜுஸ்குலா என்ற ஒரே பெயரில் வெளியான பொருட்கள் ஏராளம். அந்தப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தது பின்னால் தெரிந்து, 2012-ல் மூரியா என்ற பேரினம் பிரிந்தது. 2019-ல் அது மூரீனா ஆனது. ஓகீனியாவும் தனியே போனது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும்போது பழைய, புதிய பெயர்கள் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

சாறு எடுப்பது

உறைந்த நிலையில் உலர்த்திய பொருள் 10 கிராமுக்கு, டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் 2:1 கலந்த கரைப்பான் 150 மி.லி. அரை மணி ஊறவிட்டு வடிகட்டுங்கள். கரைப்பான் நிறமில்லாமல் வரும்வரை நான்கைந்து முறை செய்யுங்கள். எத்தனாலில் வைத்த ஈரப் பொருளானால் முதலில் திரவத்தை வடித்து அதையும் பத்திரப்படுத்துங்கள், பாதிப் பொருள் அதில்தான் இருக்கக்கூடும். ஈரத்தோடு எடுக்கும்போது பிரிபுனலில் நீர் மேலேயும் டைகுளோரோமீத்தேன் கீழேயும் நிற்கும். வேண்டியது கீழ் அடுக்கு. குலுக்கினால் பசை காரணமாக நடுவே வெண்ணெய் போலத் திரளும். மெதுவாகச் சாய்த்துக் கலக்குங்கள். திரண்டுவிட்டால் கொஞ்சம் உப்புநீர் சேருங்கள், அல்லது மையவிலக்கில் போடுங்கள்.

டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். சென்னைக் கோடையில் மூடிய பிரிபுனலுக்குள் அழுத்தம் வேகமாக ஏறும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் காற்றைத் திறந்துவிட வேண்டும். புகைக்கூண்டுக்கு வெளியே இந்த வேலை கூடாது. சாதாரண நைட்ரைல் கையுறையை இது ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும், பட்டவுடன் கழற்றி மாற்றுங்கள். கண்ணாடியும் டெஃப்லானும் தவிர வேறு எதுவும் கரைப்பானைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் புட்டியிலும் பாராஃபில்மிலும் இருந்து கரைந்து வருவதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாபரேட்டரின் நீர்க்குளியலை 35 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 10 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம் கரும்பச்சைச் சாறு கிடைக்கும். எடை மிக அதிகமாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அது உப்பாக இருக்கும். கொஞ்சம் டைகுளோரோமீத்தேன் விட்டுக் கரையாமல் வெள்ளையாக நிற்பதை வடிகட்டுங்கள்.

ஒன்பது பங்காகப் பிரிப்பது

1 கிராம் சாற்றுக்கு 25 கிராம் நுண்ணிய சிலிக்கா ஜெல். வெற்றிடத்தில் அழுத்திச் சமமாகப் படிய வையுங்கள். ஓரத்தில் விரிசல் விட்டால் எல்லாம் ஒரே ஃபிராக்ஷனில் (பங்கில்) கொட்டிவிடும். சாற்றைக் கொஞ்சம் சிலிக்காவில் கலந்து உலர்த்தி மேலே பரப்பி, ஒவ்வொன்றும் 100 மி.லி. வீதம் இந்த வரிசையில் ஊற்றுங்கள்: வெறும் ஹெக்ஸேன். பிறகு ஹெக்ஸேனில் எத்தில் அசிட்டேட் 10, 20, 40, 60, 80 சதவீதம். பிறகு முழு எத்தில் அசிட்டேட். அதன்பின் அதில் 25 சதவீத மெத்தனால். கடைசியாக முழு மெத்தனால்.

முதல் இரண்டில் கொழுப்பும் கரோட்டினும், நடுவில் பச்சையம். நாம் தேடும் லிப்போபெப்டைடுகள் (கொழுப்புச் சங்கிலி கோத்த அமினோ அமிலத் தொடர்கள்) பெரும்பாலும் 80 சதவீத எத்தில் அசிட்டேட்டிலிருந்து 25 சதவீத மெத்தனால் வரையுள்ள மூன்றில் இறங்கும். ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பெயரிட்ட கண்ணாடிக் குப்பியில் மைனஸ் 20-ல் வையுங்கள். கூட்டிப் பார்த்தால் போட்ட எடையில் 80 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், சிலிக்காவில் இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது.

சோதனை

செல் வளர்ப்பு வசதி இல்லாவிட்டாலும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலோடு தொடங்கலாம். இறால் குஞ்சுப் பண்ணைகள் தீனியாக வாங்கும் அதே முட்டை, கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலும் கிடைக்கும். லிட்டருக்கு 1 கிராம் முட்டை, 30 கிராம் உப்பு, 28 டிகிரி, வெளிச்சம், காற்றுக் குமிழி. ஒன்றரை நாளுக்குள் பொரியும். குப்பிக்கு 10 குஞ்சு, 5 மி.லி. கடல்நீர், ஃபிராக்ஷன் மில்லிலிட்டருக்கு 1000, 100, 10 மைக்ரோகிராம் வீதம், ஒவ்வொன்றிலும் மூன்று குப்பி. 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கரைப்பான் மட்டும் உள்ள குப்பியில் ஒன்றிரண்டுக்கு மேல் செத்திருந்தால் அன்றைய முடிவு முழுதையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

செல் சோதனைக்கு, 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 செல். ஒரு நாள் ஒட்டவிட்டு, மில்லிலிட்டருக்கு 10, 1 மைக்ரோகிராம் செறிவுகளில் சாறு, 48 அல்லது 72 மணி நேரம், பிறகு எம்டிடி, உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் சாயம். டிஎம்எஸ்ஓ அதிகபட்சம் 0.5 சதவீதம். செல் வரிசைகளைப் புனேயின் தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்குங்கள். பக்கத்து ஆய்வகத்தில் ஐம்பது முறை கைமாறிய செல்லின் பெயர் சரிதானா என்பது யாருக்கும் தெரியாது. செல் வளர்ப்பில் தெரியாமல் புகும் மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை இல்லாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

பொய்யான முடிவுகள் இந்த இடத்தில்தான் குவியும். செல்லே இல்லாத குழியில் சாற்றைப் போட்டு எம்டிடி ஊற்றிப் பாருங்கள். ஊதா வந்தால், சாறே சாயத்தை மாற்றுகிறது. பச்சையம் சிதைந்து உண்டாகும் ஃபியோஃபார்பைடு, வெளிச்சம் பட்டால் செல்லைக் கொல்லும். ஒரு தட்டை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டிலும், இன்னொன்றை வெளிச்சத்திலும் வைத்து ஒப்பிட்டால் புரிந்துவிடும். நடு ஃபிராக்ஷன்களில் வரும் செறிவுறாக் கொழுப்பமிலங்களும் ஆர்ட்டீமியாவையும் செல்லையும் ஒருசேரக் கொல்பவை, அவை மருந்தாகப் போவதில்லை. மீதமிருக்கும் உப்பும் கொல்லும். புற்றுச் செல்லோடு 'வேரோ' என்ற செல் வரிசை போன்ற புற்றல்லாத செல்லையும் எப்போதும் சேர்த்தே வையுங்கள்.

ஏற்கெனவே தெரிந்த பொருளா?

புதிதாக வருபவர்கள் தள்ளிப்போடும் வேலை இது, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். செயல்படும் ஃபிராக்ஷன் கிடைத்த அன்றே, மில்லிலிட்டருக்கு 1 மி.கி. என்ற அளவில் கரைத்து, சி-18 பிரிப்புக் குழலில் (காலம்), 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் சேர்த்த நீர், அசிட்டோநைட்ரைல் கொண்டு, பொருட்களைப் பிரித்து நிறையை அளக்கும் எல்சி-எம்எஸ் ஓட்டச் சொல்லுங்கள். உடைபட்ட துண்டுகளின் நிறையும் தானாகப் பதிவாகும்படி கேளுங்கள். நகரில் ஐஐடி மெட்ராஸின் சைஃப் போன்ற கருவி மையங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளி மாணவர்களின் மாதிரியையும் ஓட்டித் தருகின்றன.

வந்த கோப்பை எம்எஸ்கன்வெர்ட் கொண்டு எம்இசட்எம்எல் வடிவுக்கு மாற்றி, இலவசமான ஜிஎன்பிஎஸ் தளத்தில் ஏற்றுங்கள். உயர் துல்லியக் கருவிக்கு நிறை வரம்பு 0.02, ஒற்றுமையைக் காட்டும் கொசைன் மதிப்பு 0.7, பொருந்தும் உச்சங்கள் குறைந்தது 6. உடைபடும் விதம் ஒத்த மூலக்கூறுகளை அது ஒரு கொத்தாகக் கோத்துக் காட்டும். அறிந்த பொருள் ஒன்று கொத்தில் இருந்து, அதன் பக்கத்தில் 14 வேறுபாட்டில் அறியாத ஒன்று இருந்தால், ஒரு சிஎச்2 கூடிய அல்லது குறைந்த உடன்பிறப்பு அது. டோலாஸ்டாட்டின் 10-க்கு 785.5, சிம்ப்லோஸ்டாட்டின் 1-க்கு 799.5 என்று புரோட்டான் ஏறிய நிறைகள் வருவது அப்படித்தான். குளோரின் இருந்தால் இரண்டு நிறை தள்ளி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஓர் உச்சம், புரோமின் இருந்தால் ஏறத்தாழ சம உயரத்தில். கடல் பொருட்களில் இவை அடிக்கடி வரும். நிறையையும் வாய்பாட்டையும் சயனோமெட்டிபி என்ற தரவுத்தளத்தில் தேடுங்கள். சயனோபாக்டீரியாவின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன.

இந்த நிறைகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். 391.28, அதன் சோடியம் ஒட்டிய வடிவம் 413.27: பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட். 338.34: பிளாஸ்டிக் பையின் வழுக்குப் பொருளான எருசமைடு. 44 வித்தியாசத்தில் வரிசையாக நிற்கும் உச்சங்கள்: சோப்பிலிருந்து வரும் பாலிஎத்திலீன் கிளைகால். 593.28 ஃபியோஃபார்பைடு, 871.57 ஃபியோஃபைட்டின். பாசி எதுவும் போடாமல் கரைப்பானை மட்டும் அதே பாத்திரங்களில் எல்லாப் படியும் கடத்தி, ஒரு வெற்று மாதிரியை எப்போதும் கூடவே ஓட்டுங்கள். அதில் தெரியும் எதுவும் கடலிலிருந்து வந்ததில்லை.

தூய பொருளும் அதன் அமைப்பும்

புதியது என்று தோன்றினால், அதைத் தூய்மையாகப் பிரிக்க ஹெச்பிஎல்சி. 1 மி.கி. தூய பொருள் இருந்தால் அணுக்கள் இணைந்திருக்கும் விதத்தைக் காட்டும் 500 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆரில் அமைப்பைத் தொடங்கலாம், 3 முதல் 5 மி.கி. இருந்தால் நிம்மதி. முதல் புரோட்டான் நிறமாலையிலேயே குறி தெரியும். 2.8 முதல் 3.2 பிபிஎம் வரை கூர்மையான ஒற்றை உச்சங்கள் என்-மெத்தில் அமைடைக் காட்டுபவை. 4 முதல் 5.5 வரை அமினோ அமிலங்களின் ஆல்ஃபா புரோட்டான்கள். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் பெப்டைடு. காஸி, ஹெச்எஸ்க்யூசி, ஹெச்எம்பிசி என்ற இருபரிமாண நிறமாலைகள் எல்லாவற்றையும் ஒரே கரைப்பானில், ஒரே நாளில் எடுங்கள். டியூட்டரோகுளோரோஃபார்மில் மிச்சமிருக்கும் அமிலம் மென்மையான பொருளைச் சிதைக்கும், வேலை முடிந்ததும் உலர்த்திவிடுங்கள்.

அமினோ அமிலம் எல் வகையா, அதன் கண்ணாடிப் பிம்பமான டி வகையா என்பதற்கு மார்ஃபி முறை. 0.1 மி.கி. போதும். 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் இரவு முழுதும் வைத்து உடைத்து, மார்ஃபி வினைப்பொருளோடு 40 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 340 நானோமீட்டரில் ஹெச்பிஎல்சி. அறிந்த அமிலங்களின் இரு வகைகளையும் அதே நாளில் ஓட்டி ஒப்பிட வேண்டும். இந்த உயிரிகள் டி அமிலங்களையும் என்-மெத்தில் அமிலங்களையும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன, ஊகித்து எழுதக் கூடாது.

அதற்குப் பிறகு

நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவில் செல்லைக் கொல்வதை மருந்து என்று எழுதாதீர்கள். டோலாஸ்டாட்டின் 10 தனி மருந்தாக இரண்டாம் கட்ட மருத்துவச் சோதனைகளில் போதிய பலன் தரவில்லை. அந்த வீரியத்தைப் புற்றுச் செல்லுக்கு மட்டும் கொண்டுசேர்க்க எதிர்ப்புரதம் கிடைத்த பிறகுதான் அதன் வாரிசு மருந்தானது. உங்கள் பொருள் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. சயனோபாக்டீரியாவில் கிடைத்தவற்றில், கியூராசின் ஏ டியூபுலினைப் பிடிக்கிறது, லார்கசோல் ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸை, கார்மாஃபைசின் புரோட்டியாசோமை. ஒவ்வொன்றும் அடையாளமானது அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலால்.

குடுவையில் வளரும் உங்கள் இனம் அதே பொருளை இன்னும் செய்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 50 மி.கி. உலர் பொருளில் சிறு சாறு எடுத்து எல்சி-எம்எஸ்ஸில் பாருங்கள். சில இனங்கள் ஆய்வகத்தில் பழகியதும் செய்வதை நிறுத்திவிடும். அப்போது நைட்ரேட்டைப் பாதியாக்கியும், வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் முயலலாம். இனம் நிலைப்பட்டதும் ஒரு பிரதியைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல் சயனோபாக்டீரியா தேசிய மையம் போன்ற சேமிப்பகத்தில் ஒப்படையுங்கள். அனுப்பும் குழாயோடு சேகரித்த இடம், தேதி, 16எஸ் வரிசை, முதல் நாள் எடுத்த படம் நான்கும் போக வேண்டும். குழாயின் மூடியைப் பாராஃபில்மால் இறுக்காமல் பஞ்சு வைத்து, பயணத்தில் வெயில் படாதபடி தாளில் சுற்றுங்கள்.